ஏரி காத்த ஊரும் ஊர் காத்த ஏரியும்

நிலமும் நீரும் இருவேறு செல்வங்கள் அல்ல. நீர் நில்லாத நிலம் பாலையாகும். நிலம் தாங்காத நீர் வெள்ளமாகும். இவ்வுண்மையைத் தமிழகம் மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தது. பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் கூறிய அறிவுரை புறநானூற்றின் 18ஆம் பாடலாக நம் கையில் இருக்கிறது. மறுமை இன்பமும் நிலைத்த புகழும் வேண்டும் மன்னன் செய்யத்தக்கது எது? நிலம் தாழ்ந்த இடங்களில் நீரைத் தேக்குவதே என்று அப்புலவர் வெளிப்படையாக உரைக்கிறார்.

இவ்வறிவுரையின் தேவையை நம் மழையின் இயல்பே விளக்கும். தமிழகத்தில் ஆண்டொன்றுக்குச் சராசரியாகப் பெய்யும் மழை 950 மில்லிமீட்டர் அளவினது. அதில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில், அதுவும் சில நாள்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. நிலமோ மேற்கே உயர்ந்து கிழக்கே சரிந்து கிடக்கிறது. தடுப்பார் இல்லையேல் பெய்த மழை விரைந்து கடலில் கலந்துவிடும்.

கலக்கும்போது அது தனியே போவதில்லை. மரமும் புல்லும் இல்லாத வெற்று நிலத்தில் விழும் மழைத்துளி ஒவ்வொன்றும் மண்ணின் கட்டுகளை உடைக்கிறது. ஓடும் நீர் அம்மண்ணை அள்ளிச் செல்கிறது. பயிருக்கு உணவூட்டும் மேல்மண் ஓர் அங்குலம் உருவாகப் பல நூற்றாண்டுகள் ஆகும். அதை இழக்கச் சில பெருமழைகளே போதும்.

இவ்விரு இழப்புகளுக்கும் நம் முன்னோர் கண்ட ஒரே மருந்து ஏரி. தென்பாண்டி நாட்டில் அதுவே கண்மாய். சரிவின் தாழ்ந்த பக்கத்தில் பிறை வடிவில் கரை எழுப்பினர். பாசனத்திற்கு மதகும், மிகுந்த நீர் வெளியேறக் கலிங்கும் அமைத்தனர். ஓர் ஏரியின் மிகைநீர் அடுத்த ஏரிக்கும், அதன் மிகைநீர் அதற்கடுத்த ஏரிக்குமாகச் சங்கிலித் தொடராய் ஓடியது. ஏரியை அடைந்த நீர் வேகம் இழந்தது. சுமந்து வந்த மண் வண்டலாக அடியில் படிந்தது. தேங்கிய நீரின் ஒரு பகுதி மெல்லக் கீழிறங்கிச் சுற்றுப்புறக் கிணறுகளில் ஊறியது. கோடையில் உழவர் வண்டலை வெட்டித் தம் வயல்களில் இட்டனர். இவ்வாறு, ஓடிப்போன மண் உரமாகத் திரும்பி வந்தது. ஏரியும் ஆழம் குன்றாமல் இருந்தது. பாண்டி நாட்டுக் குமிழித் தூம்புகளில் நீர் செல்ல ஒரு துளையும் சேறு செல்ல வேறொரு துளையும் வைத்த நுட்பம் இன்றும் நம்மை வியக்க வைக்கிறது.

எனினும், கட்டுவது எளிது, காப்பதே அரிது. அதற்கு அக்காலத்தார் கண்ட வழியை உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் காட்டுகின்றன. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட இவற்றில், குடவோலை முறையால் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று. அதில் அறுவர் ஓராண்டுக் காலம் பணியாற்றினர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் தேர்வுக்கு உரியவரல்லர். ஏரியைப் பேணுவதற்கென்றே ஏரிப்பட்டி என்னும் நிலங்கள் விடப்பட்டிருந்தன. ஏரி பொதுச்சொத்து; அதற்குக் கணக்கும் உண்டு, காவலும் உண்டு என்பதே இவற்றின் பொருள்.

இப்பழமையைப் போற்றும் நாம் அதன் நிழலையும் மறைத்தல் ஆகாது. வாரியத்தில் அமரச் சொந்த நிலம் வேண்டும். மதகைத் திறந்து வயல்தோறும் நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகளோ பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குடியினர். குடிமராமத்து என்ற பெயரில் மண் சுமந்தவர் அனைவரும் அந்நீரால் விளைந்த நெல்லில் சமபங்கு பெற்றவர் அல்லர்.

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலவரி அரசின் கருவூலத்துக்குச் சென்றது. ஏரிக்கென்று இருந்த மானியங்கள் பல மறைந்தன. ஊரின் வருவாயை எடுத்துக்கொண்ட அரசு, ஊரின் கடமையை மட்டும் ஊரிடமே விட்டது. மராமத்து வேலைக்கு வராதவரைத் தண்டிக்க 1858இல் சென்னை மாகாணத்தில் சட்டமே இயற்றப்பட்டது. உரிமை போனபின் கடமையைச் சட்டத்தால் எழுப்ப இயலுமோ? 1876-78 பெரும்பஞ்சத்திற்குப் பின், 1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கப்பட்டும் பழைய உறவு மீளவில்லை.

விடுதலைக்குப் பின் மின்சார இறைப்பிகள் பெருகின. தன் கிணற்றில் நீர் உள்ளவனுக்கு ஊர் ஏரியின் நினைவு தேவைப்படவில்லை. அக்கிணற்றுக்கு நீரூட்டுவதே அவ்வேரிதான் என்பதை அவன் மறந்தான். தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன என்பர். 1960களில் அவை 9 லட்சம் ஹெக்டேருக்கு மேல் நீர் பாய்ச்சின. பின்வந்த ஆண்டுகளில் அப்பரப்பு பெரிதும் சுருங்கியது. வரத்துக் கால்கள் அடைபட்டன. நீர்பிடிப்பில் சீமைக் கருவேல் மண்டியது.

நகரங்களில் ஏரிகளே மறைந்தன. மாம்பலத்தின் நீண்ட ஏரி 1920களில் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகராயிற்று. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1970களில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. நீரின்றி அமையாது உலகென்று உரைத்தவருக்கு, நீர் நின்ற இடத்திலேயே நினைவகம்! 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. 2019 கோடையிலோ அந்நகருக்கு நீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டன. நான்கு ஆண்டு இடைவெளியில் ஒரே நகரம் நீரால் அழுதது, நீருக்காகவும் அழுதது. வானம் வஞ்சித்தது என்று மட்டும் சொல்லி நாம் தப்ப இயலாது.

2003இல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதும், 2017இல் குடிமராமத்து என்னும் பழம்பெயரில் அரசுத் திட்டம் தொடங்கப்பட்டதும் நன்முயற்சிகளே. ஆயினும், பெயர் திரும்பினால் போதாது. பொறுப்பும் திரும்ப வேண்டும். குழாயைப் புதைத்துவிட்டுத் தூர் வாராத மழைநீர்த் தொட்டி, கால் அடைபட்ட ஏரியின் சிற்றுருவமே அன்றோ?

நம் வீட்டுக் கூரையில் விழும் நீர் எங்கே போகிறது? நம் ஊர் ஏரிக்கு நீர் வரும் கால் எது? அதன்மேல் கட்டப்பட்ட சுவர் யாருடையது? இவற்றைக் கேட்கும் உரிமை இன்று நிலமுடையார்க்கு மட்டுமன்றி, கிராம சபையில் அமரும் எல்லார்க்கும் உண்டு. உத்திரமேரூருக்கு இல்லாத பேறு இது. அங்கே கல்லில் பொறித்த கணக்குக் கேட்கும் வழக்கத்தை நாம் மீட்டெடுத்தால், ஏரியும் மீளும். நம் பிள்ளைகளின் கிணறுகளிலும் நீர் ஊறும்.