முள்ளந்தண்டும் கிணற்று நீரும்

மட்டக்களப்பு வாவியின் இரு புறங்களையும், ஞாயிறு எழும் திசையும் படும் திசையும் கொண்டு, எழுவான்கரை என்றும் படுவான்கரை என்றும் வகுத்தனர் நம் முன்னோர். குடிநீரைப் பொறுத்தும் இப்பிரிவு பொருளுடையதே. எழுவான்கரையின் கடலோர மணலில் ஊறும் மழைநீர் ஆழமற்ற கிணறுகளை நிரப்புகின்றது. படுவான்கரைக்கு அப்பாலுள்ள உட்புறத்திலோ, தொன்மையான பளிங்குருப் பாறைகளின் வெடிப்புகளில் நீர் நெடுங்காலம் தங்குகின்றது. பாறைக் கனியங்களிலுள்ள புளோரைட்டு அந்நீரிற் கரைகின்றது. இலங்கையின் உலர் வலயத்துப் பல பகுதிகளில் நிலத்தடி நீரிற் புளோரைட்டு மிகுந்திருப்பதை, 1985 இல் திசாநாயக்காவும் வீரசூரியவும் வெளியிட்ட நீர்ப் புவியிரசாயன நிலப்படத் தொகுதி காட்டிற்று.

இதன் விளைவு பற்களிற் படியும் பழுப்புக் கறையே எனப் பலர் கருதுவர். அது முள்ளந்தண்டையும் தாக்கும் என்பதை உணர்த்தியவை ஊடுகதிர்ப் படங்களே. 1932 இல் கொப்பன்கேகனில் கிரையோலைற்றுத் தொழிலாளரின் நுரையீரலில் தூசு நோயைத் தேடிய மோல்லர், குட்ஜோன்சன் ஆகியோர், என்புகள் இயல்புக்கு மீறி அடர்ந்து வெண்மையாய்த் தோன்றக் கண்டனர். 1937 இல் ஷோர்ட்டும் துணைவரும், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டக் கிராமத்தவரிடம் இத்தகைய நோயையே விவரித்தனர். (மலேரியாக் கிருமி மனித ஈரலில் வளர்வதை 1948 இல் மெய்ப்பித்தோருள் ஒருவரும் இதே ஷோர்ட்டே.) இவர்களுக்குத் தொழிற்சாலைத் தூசு எட்டவில்லை, நஞ்சு கிணற்றிலிருந்து வந்தது.

இந்நோயில் முள்ளென்புகளின் ஓரங்களிற் புதிய என்பு முளைக்கும்; அவற்றைப் பிணைக்கும் நார்கள் சுண்ணமேறி இறுக, முதுகு வளையாது. முள்ளந்தண்டுக் கால்வாய் ஒடுங்கி முண்ணாண் நெருக்குண்டால் கால்கள் வலுவிழக்கும். எனினும் முதுகின் படமொன்றைக் கொண்டே முடிவு கூறலாகாது. 1950 இல் பொறெஸ்ரியர் விவரித்த முதுமைக்கால நோயிலும் முள்ளென்புகள் இணைந்து தோன்றும். ஆதலால் முன்கையையும் படமெடுப்பர்: ஆரை, அரந்தி என்னும் இரு என்புகளுக்கும் இடைப்பட்ட மென்றகட்டிற் சுண்ணம் படிந்திருத்தல் புளோரைட்டு நோய்க்கு வலுவான சான்று. பிற்காலத்துக் கணினி வெட்டுமுகப் படம் கால்வாயின் ஒடுக்கத்தையும், காந்தப் பரிவுப் படம் முண்ணாணின் நசிவையும் தெளிவாக்கின.

ஆயின் படத்தில் இவை தெரியும்போது ஆண்டுகள் பல கழிந்திருக்கும். நெருக்கும் என்பைச் சத்திரசிகிச்சையால் அகற்றினும் இழந்த வலு முழுதும் மீள்வது அரிது. புளோரைட்டைச் சுவை காட்டாது, நிறம் காட்டாது, கொதிக்கவைத்தலும் அகற்றாது. அயலயற் கிணறுகளிலேயே அளவு வேறுபடும். ஆகவே படுவான்கரையிற் பாறையைத் துளைத்துக் குழாய்க்கிணறு அமைக்கும் ஒவ்வோரிடத்தும் நீரைச் சோதித்தல் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், வெயிலில் வயல் உழுது குடங்குடமாக நீர் பருகுவோருக்கு அதுவும் சற்றுத் தாராளமானதே.