பட்டாம்பூச்சி நீச்சல்

போட்டி நீச்சலின் நான்கு வகைகளில் வயதில் இளையது. நீச்சல்குளங்களில் ‘பட்டர்ஃபிளை’ என்றே வழங்கும். மார்பு நீச்சலில் வேகம் தேடியவர்கள் 1930களில் கைகளை நீருக்கு மேலே வீசத் தொடங்கியதில் உருவானது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் டேவிட் ஆம்புரஸ்டரும் அவருடைய மாணவர் ஜாக் சீகும் இரு கால்களையும் சேர்த்து அடிக்கும் டால்பின் உதையை இதனுடன் சேர்த்தனர். 1952இல் தனி வகையாகப் பிரிந்து, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது.

தோள் வலு இருந்தால் போதும் என்று நினைப்பவர்களே இதில் சீக்கிரம் களைக்கிறார்கள். உடலின் அலை நெஞ்சில் தொடங்கி, இடுப்பு வழியே பாதத்துக்கு இறங்க வேண்டும். ஒரு கைச்சுற்றுக்கு உதை இரண்டு: கைகள் நீரில் நுழையும்போது ஒன்று, தொடையருகே நீரைத் தள்ளி வெளியேறும்போது மற்றொன்று. இந்த இரண்டாம் உதையை விட்டவருக்குக் கை மேலே எழாது. மூச்சுக்காகத் தலையை உயரத் தூக்கினால் இடுப்பு அமிழ்ந்துவிடும். தாடை நீரை உரசியபடியே மூச்செடுத்து, கைகள் முன்னே விழுவதற்குள் முகம் நீருக்குள் போய்விட வேண்டும். முதலில் உதை மட்டும், பிறகு ஒற்றைக் கைப் பயிற்சி, அதன்பின் முழு நீச்சல் என்று கற்பதே நல்லது. வடிவம் குலைந்து 50 மீட்டர் போவதைவிடக் குலையாத 10 மீட்டர் மேல்.

போட்டியில் திருப்பத்திலும் முடிவிலும் இரு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொடாவிட்டால் தகுதி நீக்கம்.