அனுப்புநர் முகவரியின் சரித்திரம்

தபால் உறையில் அனுப்புநர் என்று எவர் பெயரை எழுதினாலும் தபால்காரர் அதைச் சோதிப்பதில்லை; பெறுநர் விலாசம் சரியாக இருந்தால் கடிதம் போய்ச் சேர்ந்துவிடும். 1981ஆம் வருஷம் இணையத்தின் ஐ.பி. நெறிமுறையை வகுத்தவர்களும், ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சிக்கூடங்களின் உபயோகத்தையே மனத்திற் கொண்டிருந்தமையால், தகவல் பொட்டலமான பாக்கெட்டின் தலைப்பிலுள்ள மூல விலாசம் மெய்தானா என்று வழியில் எவரும் விசாரிக்க வேண்டுமென விதிக்கவில்லை.

1985இல் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ராபர்ட் மாரிஸ் என்ற இளைஞர் (மூன்று வருஷங்களுக்குப் பின் ஒரு கணினிப் புழுவை ஏவிப் பிரசித்தி பெற்றவர் இவரேதான்) இந்த நம்பிக்கையிலுள்ள அபாயத்தை எழுதிவைத்தார். 1989இல் ஸ்டீவன் பெலோவின் என்ற ஆராய்ச்சியாளர் அதை விஸ்தரித்தார். படித்தவர்கள் தலையசைத்தார்கள், அவ்வளவுதான். 1994 கிறிஸ்துமஸ் தினத்தன்று, கணினிப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் சுடோமு ஷிமோமுராவின் கணினி ஒன்றுக்கு, அது நம்பியிருந்த வேறொரு கணினியின் விலாசத்தைச் சூடிக்கொண்டு பாக்கெட்டுகள் வந்தன. மெய்யான கணினி வாய் திறவாதபடி முதலில் அதைப் போலி அழைப்புகளால் திணறடித்துவிட்டு, இலக்கான கணினி தன் பதிலில் கொடுக்கும் வரிசை எண் தொடர்புக்குத் தொடர்பு 1,28,000 வீதம் கூடுவதைக் கணித்து, தன்னிடம் வந்துசேராத பதிலுக்கு ஊகத்தாலேயே மறுமொழி கொடுத்த அந்த ஆள்மாறாட்டக்காரனின் சாமர்த்தியத்தை, வெறுத்தாலும் வியக்காமலிருக்க முடியவில்லை.

பரிகாரம் எளியது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் ஆர்பி ஃபில்டர் என்றொரு அமைப்பு உண்டு. அதற்கு 1 என்ற மதிப்பைக் கொடுத்தால், பாக்கெட் ஒன்று வந்தவுடன் கெர்னல் தன் பாதை அட்டவணையைப் புரட்டி, 'இந்த விலாசத்துக்கு நான் பதில் அனுப்புவதானால் எந்த வாசல் வழியாக அனுப்புவேன்?' என்று பார்க்கும். வந்த வாசல் அதுவல்லவெனில் பாக்கெட்டை எறிந்துவிடும். போக ஒரு வழியும் வர ஒரு வழியும் உள்ள வலையமைப்புகளில் யோக்கியமான பாக்கெட்டுகளும் இதனால் மடியுமாதலால், ஏதேனும் ஒரு வாசலில் வழியிருந்தால் போதுமென்னும் 2 என்ற மதிப்பே அவற்றுக்கு உகந்தது. 0 என்றால் சோதனையே இல்லை. இப்படிப் பிடிபட்டவற்றைப் பதிவேட்டில் 'மார்ஷியன்', அதாவது செவ்வாய்க் கிரகவாசி, என்று கெர்னல் குறித்துவைப்பதில் எனக்கொரு தனி ருசி.

1998 ஜனவரியில் ஃபெர்குசன், செனீ என்னும் இருவர், ஒவ்வொரு இணையச் சேவையாளரும் தம் வாடிக்கையாளரிடமிருந்து புறப்படும் பொய் விலாசத்தைத் தம் வாசலிலேயே தடுக்க வேண்டுமென எழுதினார்கள். நம் வாசலில் போடும் அந்தத் தாழ்ப்பாள் காப்பதோ அயலான் வீட்டை. பலர் அதைப் போடத் தாமதித்தமைக்குக் காரணம் இதுவே என்பது என் அபிப்பிராயம். 2018 பிப்ரவரி 28 அன்று, கிட்ஹப் தளத்தின் விலாசத்தை அனுப்புநராக எழுதிய சிறு கேள்விகள், மெம்கேஷ்டு என்னும் தற்காலிகச் சேமிப்பு மென்பொருள் ஓடும் பல சர்வர்களுக்குச் செல்ல, அவற்றின் பெரும் பதில்களெல்லாம் வினாடிக்கு 1.35 டெராபிட் வேகத்தில் அத்தளத்தின் மேல் வந்து விழுந்தன. ஃபெர்குசனும் செனீயும் எழுதி அப்போது இருபது வருஷம் ஆகியிருந்தது.