தும்பாவின் சைக்கிள்

திருவனந்தபுரம் மேடும் பள்ளமுமான ஊர், இங்கே சைக்கிள் பாதை எடுபடாது என்பது பழைய வாதம். கவடியார், மியூசியம் பக்கத்துச் செம்மண் குன்றுகளுக்கு அது பொருந்தும், கடற்கரைக்குப் பொருந்தாது. 1963 நவம்பர் 21 அன்று நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பிய கடலோரத் தும்பாவில், மேரி மக்தலேனா தேவாலயம் அலுவலகமானது. ராக்கெட்டின் கூம்பு முனையைக் கேரியரில் வைத்து இருவர் நடந்தே சைக்கிளைத் தள்ளிச் செல்லும் 1966ஆம் ஆண்டுப் புகைப்படம் உலகப் புகழ் பெற்றது.

அது வறுமையின் அடையாளம்தானே என்று கேட்கலாம். வண்டி வசதி குறைவு என்பது மெய்தான். ஆனால், தரை சமமாக இருந்ததால்தான் சைக்கிள் அங்கே வேலைக்கு உதவியது. ராணி கௌரி பார்வதி பாயின் ஆட்சியில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பார்வதி புத்தனாறு கால்வாய் வெட்டப்பட்டதும் இதே தாழ்ந்த கரையோரத்தில்தான். பூவாறிலிருந்து குஞ்சத்தூர் வரை திட்டமிடப்பட்ட கடலோர நெடுஞ்சாலையில் சைக்கிள் தடமும் சேர்க்கப்பட்டிருப்பது, இந்தச் சமதளத்தின் பழைய பயன்பாட்டை மீட்பதே. இரு பருவமழையும் வெயிலும் உண்மையான தடைகள்தான். அவற்றுக்கு வடிகாலும் மரநிழலும் வேண்டும். குன்றைக் காட்டிக் கரையையும் கைவிடுவது நியாயமல்ல.