திரிச்சினாப்பள்ளி என்னும் கடல்

என் மேசையில் தாத்தா காலத்துப் பேப்பர் வெயிட் ஒன்று இருக்கிறது. உள்ளங்கை அகலம், சாம்பல் நிறம். துடைத்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் உள்ளேயிருந்து வெள்ளைப் பிறைகள் எழும்பும். சின்னதும் பெரியதுமாக, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். ஒவ்வொரு பிறையும் ஒரு சிப்பி. அறுத்த வாக்கில் அதன் விளிம்பு மட்டும் தெரிகிறது. தாத்தா இதைத் 'திரிச்சினாப்பள்ளி மார்பிள்' என்பார்.

மார்பிள் என்பது கல் வியாபாரத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். சுண்ணாம்புக்கல் பூமிக்குள் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறினால்தான் அது சலவைக்கல். வெந்திருந்தால் இதில் ஒரு சிப்பியையும் அடையாளம் கண்டிருக்க முடியாது. இது கருடமங்கலத்துச் சிப்பிச் சுண்ணாம்புக்கல். நன்றாக மெருகேறும், அதனால் அந்தப் பெயர் கிடைத்தது. எனக்கு வியப்பெல்லாம் முன்னால் நிற்கும் 'திரிச்சினாப்பள்ளி'யின் மேல்தான்.

சம்பந்தர் பாடிய ஊர் சிராப்பள்ளி. திரு அதற்குச் சேர்ந்த மரியாதை. மூன்று தலை கொண்ட திரிசிரன் வழிபட்ட இடம் என்கிறது தலபுராணம். பள்ளி என்றால் சமணத் துறவியர் தங்கிய இடம், சிரா என்பவர் அங்கிருந்த துறவி என்பது ஆய்வாளர் பலர் சொல்லும் விளக்கம். மலைக்கோட்டைப் பாறையில் இன்றும் சமணர் கற்படுக்கைகள் இருப்பதால் எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது. பேச்சில் ரா, னாவாகத் திரிந்து திரிச்சினாப்பள்ளி; வெள்ளைக்காரர் எழுத்தில் ட்ரிச்சினாப்பொலி. அந்தச் சொல் கப்பலேறிப் போனதும் ஊரை விட்டுப் பொருள்களைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. லண்டனில் அது ஒரு சுருட்டு. ஷெர்லாக் ஹோம்ஸ் 1887-இல் வந்த தன் முதல் கதையிலேயே சாம்பலைப் பார்த்து, கொலைகாரன் பிடித்தது திரிச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று சொல்லிவிடுவார். நம் தட்டார்கள் பின்னிய தங்கச் சங்கிலிக்கும் அங்கே அதுவே பெயர். கடைசியாக அந்தச் சொல் ஒரு கடலடிக்குப் போய்ச் சேர்ந்தது.

கே, கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கத்துக் காடுகளில் பொறுக்கிய கல்சிப்பிகளை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846-இல் எழுதினார். அவை கிரிட்டேசியஸ் காலத்துக் கடலுயிர்கள் என்று தெரிந்தது. அடுத்து வந்தவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட். அவர் அந்த நிலத்தை நடந்து அளந்து, 1860-களில் பாறைகளை மூன்று அடுக்காகப் பிரித்தார். அடியில் ஊட்டத்தூர், நடுவில் திரிச்சினாப்பள்ளி, மேலே அரியலூர். ஏறத்தாழ 11 கோடி ஆண்டுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டு வரைக்குமான கடலின் வரலாறு இந்த மூன்று பெயரில் அடங்கிவிட்டது. நடு அடுக்கு சுமார் 9 கோடி ஆண்டுப் பழையது. என் மேசைக் கல் அதைச் சேர்ந்தது.

அண்டார்ட்டிக்காவை ஒட்டியிருந்த நம் நிலம் பிரிந்து விலகியபோது கிழக்கு ஓரம் பிளந்து பள்ளங்களாக இறங்கியது. அதில் ஒன்று காவிரிப் படுகை. கடல் அதற்குள் ஏறிவந்தது, பின்வாங்கியது, மறுபடி வந்தது. அந்தக் கரையில் காடு இருந்திருக்கிறது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாய்க் கிடக்கும் மரம் அதற்குச் சாட்சி. கடலடி மண்ணில் புதைந்து கல்லானதால் நம் மக்கள் அதைக் கல்மரம் என்றார்கள்.

திருச்சி என்றதும் நம் கண்ணில் நிற்கும் மலைக்கோட்டைப் பாறைக்கும் இந்தத் திரிச்சினாப்பள்ளி அடுக்குக்கும் உறவே கிடையாது. மலைக்கோட்டை பூமியின் ஆழத்துச் சூட்டில் பிறந்த பாறை. கடல் வந்தபோதே அதற்குப் பல கோடி வயதாகியிருந்தது. பிளான்ஃபோர்ட் எடுத்துக்கொண்டது அன்றைய மாவட்டத்தின் பெயர். அந்த மாவட்டமும் இன்றில்லை: 1995-இல் பெரம்பலூர் பிரிந்தது, 2007-இல் அரியலூர் தனி மாவட்டமாக நிலைத்தது. ஊர்ப்பெயர் மாறினாலும் பாறைக்கு ஒருமுறை வைத்த பெயரை மாற்றுவதில்லை என்பது புவியியலாரின் மரபு. அதனால் அரசாங்கம் கைவிட்ட 'ட்ரிச்சினாப்பொலி' அவர்கள் வரைபடத்தில் மட்டும் உயிரோடிருக்கிறது.

இந்த மரபு இன்னொரு பெயரையும் காப்பாற்றியிருக்கிறது. கல்லக்குடியில் சுண்ணாம்புக்கல் வெட்டி 1939-இல் சிமெண்ட் ஆலை எழுந்தது. ரயில் நிலையத்தின் பெயர் டால்மியாபுரம் ஆனது. அந்தப் பெயரை மாற்றக் கோரி 1953 ஜூலை 15 அன்று கருணாநிதி அங்கே தண்டவாளத்தில் படுத்தார். பின்னாளில் பலகை கல்லக்குடி பழங்காநத்தம் என்று மாறியது. ஆனால் அந்தச் சுரங்கத்துச் சுண்ணாம்புக்கல், பவளங்களும் பாசிகளும் கட்டிய பழைய திட்டு, புவியியல் ஏடுகளில் இன்றும் டால்மியாபுரம் படிவுதான். தமிழனுக்கு அது உறுத்தத்தான் செய்யும். எனக்கும் உறுத்துகிறது.

பிளான்ஃபோர்ட் வைத்த மூன்று அடுக்குப் பெயர்களில் என் மனம் நிற்பது ஊட்டத்தூரில். பாடாலூரில் சென்னைச் சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் சுத்தரத்தினேஸ்வரர் கோயில் கொண்ட அந்தச் சிற்றூர் வரும். தேவார வைப்புத்தலங்களில் இதன் பெயர் ஊற்றத்தூர். ஊற்று பேச்சில் ஊட்டமாகி, பிளான்ஃபோர்ட் காதில் 'ஊட்டாட்டூர்' என்று விழுந்தது. பிறகு வந்தவர்கள் எழுத்தைக் குறுக்கினார்கள். இன்று ஆங்கில நூலைப் பார்த்து ஒரு மாணவன் தமிழில் எழுதினால் 'உட்டட்டூர்' என்றுதான் எழுதுவான். ஊற்று அதில் எங்கே தெரியும்? பாடநூல் எழுதுகிறவர்கள் இந்த ஒரு பெயரையாவது ஊரார் சொல்வதுபோல் எழுத வேண்டும்.

ஊட்டத்தூர் அடுக்கு வெளித்தெரியும் காரைப் பக்கம் மழை அரித்த ஓடைகளில் இறங்கி நடந்தால், துப்பாக்கிக் குண்டு போன்ற கூரான கற்கள் காலில் இடறும். கணவாய் மீனின் பழங்கால உறவினங்கள் உடலுக்குள் சுமந்த தண்டு அது. பக்கத்திலேயே ஆட்டுக்கொம்பாய்ச் சுருண்ட அம்மோனைட்டுகள். எங்கள் சீரங்கத்து வீட்டுப் பூஜையில் இருக்கும் சாளக்கிராமத்தில் தெரியும் சக்கரமும் அதே குலத்து உயிரின் சுவடுதான். அது நேபாளத்துக் கண்டகியிலிருந்து வந்தது. கொள்ளிடத்துக்கு வடக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் அதன் உறவினர் மண்ணில் கிடக்கிறார்கள் என்று பாட்டியிடம் சொன்னபோது அவள் முதலில் கேட்டது, "அதுக்கு அங்க யாருடா தீர்த்தம் விடறா?"

எங்கள் சீரங்கத்தின் பெயரில் உள்ள அரங்கம் என்ற சொல்லுக்கே பழைய பொருள் ஆற்றிடைக்குறை. ஆறு கொண்டுவந்த மணல் நடுவில் படிந்து மேடானால் அது அரங்கம். காவிரியும் கொள்ளிடமும் இன்றும் மணலை இறக்கிக்கொண்டிருக்கின்றன. அம்மா மண்டபத்துப் படித்துறையில் நீர் வற்றிய மாதத்தில் ஒரு கைப்பிடி அள்ளினால் விரல் இடுக்கில் ஆற்றுச் சிப்பியின் ஓடு ஒன்றிரண்டு வரும். பிறை போலத்தான் இருக்கும்.