1429: வலங்கையும் இடங்கையும் ஒன்றுகூடிய ஆண்டு



மன்னராட்சிக்கு எதிராக மக்கள் எழுந்த கதை என்றால் நம் பிள்ளைகள் 1789, பாரிஸ், பாஸ்டில் சிறை என்று எழுதுகிறார்கள். தவறில்லை. ஆனால் இங்கே லால்குடியில் அரியலூர் பேருந்து ஏறி, கல்லக்குடியைத் தாண்டினால் கீழப்பழுவூர் வந்துவிடும். அந்த ஊர்க் கல்வெட்டு ஒன்று 1429ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பெரம்பலூர் வட்டாரத்து ஆடுதுறை, விருத்தாசலம், கொறுக்கை ஆகிய ஊர்களிலும் அதே ஆண்டில் அதே செய்தியைச் சொல்லும் கல்வெட்டுகள் இருக்கின்றன. இவற்றில் பேசுகிறவர் அரசர் அல்லர். வலங்கை 98 சாதியாரும் இடங்கை 98 சாதியாரும் சேர்ந்து ‘நாங்கள்’ என்று பேசுகிறார்கள். நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் இவற்றை ஒன்றாக வைத்துப் படித்துக் காட்டினார்கள்.

அப்போது விஜயநகரத்தை ஆண்டவர் இரண்டாம் தேவராயர். சோழர், பாண்டியர் போய், மதுரை சுல்தான்களும் போய், இந்த நாடு ‘கன்னடியர்’ கைக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. நிலத்தின் வருவாய் அதிகாரிகளுக்கு ஜீவிதப்பற்றாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. நாளை அந்தப் பற்று வேறொருவர் கைக்குப் போகலாம் என்றால், இன்றைக்கே கறந்துவிடத்தானே பார்ப்பான்? கொடுமையின் ஒரு கால் இது. இன்னொரு கால் உள்ளூரிலேயே இருந்தது: நிலத்தில் காணி உரிமை வைத்திருந்த பிராமண, வெள்ளாளக் காணியாளர்கள். ராஜகரத்தாரும் காணியாளரும் கைகோத்துக்கொண்டதுதான் கலகத்தின் வேர் என்று நாங்கள் கருதுகிறோம். தூரத்து அரசனை மட்டும் பழி சொல்லி முடிக்க அந்தக் கல்வெட்டுகளே இடம் தரவில்லை.

கொறுக்கைக் கல்வெட்டு சொல்வதை நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: விளைந்ததைப் பார்த்து வரி போடவில்லை, அநியாயமாகப் போட்டார்கள், ஊரை விட்டு ஓடிவிடலாம் என்று இருந்தோம், அப்போதுதான், மண்டலம் முழுக்க நாம் ஒன்றாக நிற்காததால்தான் இந்த அநியாயம் நடக்கிறது என்று உணர்ந்தோம், இனி விளைச்சலுக்குத் தக்கது, நியாயமானது மட்டுமே கொடுப்போம். ஓடிப்போவது உழவர் கையில் இருந்த பழைய ஆயுதம். ஆள் இல்லாவிட்டால் நிலம் தரிசாகும், தண்டுகிறவன் வழிக்கு வருவான். ஆனால் எங்கே ஓடினாலும் அங்கேயும் ஒரு ஜீவிதக்காரன் இருந்தால் என்ன செய்வது? ஓடாமல் நின்றார்கள். தங்கள் துன்பத்தின் காரணங்களில் தங்கள் பிரிவினையையும் ஒன்றாக எண்ணினார்கள். இந்த ஒரு வரிக்காகவே அந்தக் கல்லை நேரில் போய்ப் பார்க்கலாம்.

விருத்தாசலத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். காணியாளருக்கு யாரும் அடைக்கலம் தரக்கூடாது, அவர்களுக்காகக் கணக்கு எழுதக்கூடாது, மீறினால் அவர் நாட்டுத் துரோகி. கணக்கு எழுதமாட்டோம் என்பது சின்ன விஷயமல்ல. ஓலையில் எழுத ஆள் இல்லாவிட்டால் வரி எங்கிருந்து வரும்? இங்கிலாந்தில் 1381இல் தலைவரியை எதிர்த்து எழுந்த உழவர்களும் ஆவணங்களைத்தான் தேடித் தேடி எரித்தார்கள்.

இதற்கு இரண்டு நூற்றாண்டு முன்பு, 1218இல், பாடாலூர் பக்கத்து ஊட்டத்தூரில் இடங்கையார் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ஒரு தாய் பிள்ளைகளாக நன்மை தீமையைப் பகிர்ந்துகொள்வோம் என்றார்கள். கூடவே, காசியப முனிவரின் வேள்வியைக் காக்க அக்கினி குண்டத்தில் பிறந்தவர்கள் நாங்கள் என்றும் சொல்லிக்கொண்டார்கள். மேலே ஏறுவதற்கு ஒரு பிறப்புக் கதை வேண்டியிருந்தது. 1429இல் பேச்சு வரியும் விளைச்சலுமாக மாறிவிட்டது.

ஆனாலும் மிகைப்படுத்த வேண்டாம். தேவராயர் அரியணையில்தான் இருந்தார். நியாயமான வரி கேட்டார்களே தவிர, காணி யாருக்கு என்று கேட்கவில்லை. பிற்கால ஆவணங்கள் பறையரை வலங்கையிலும் பள்ளரை இடங்கையிலும் வைக்கின்றன. அய்யன் வாய்க்கால், பெருவளை வாய்க்கால் பாசனத்து நன்செய்ச் சேற்றில் நிற்பவர்களுக்கு நியாய வரியால் என்ன கிடைக்கும்? வரி குறைந்தால் குத்தகைக்காரர் மூச்சுவிடுவார்; பண்ணையாளின் கூலி அதனால் ஏறிவிடாது. இந்தக் கேள்வியை நம் ஆய்வு மாணவர்கள்தான் அந்தக் கல்வெட்டுகளிடம் கேட்க வேண்டும்.

ஒற்றுமையும் நிலைக்கவில்லை. 1652இல் சென்னைப்பட்டணத்தில் வலங்கையும் இடங்கையும் அடித்துக்கொண்டார்கள். 1707இல் மறுபடியும், எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போவது என்று. கம்பெனியின் ஆளுநர் தாமஸ் பிட் தெருக்களைப் பிரித்து எல்லை வகுத்துக் கொடுத்தார்.