மது அலகு

மது அலகு என்பது ஒரு மதுபானத்தில் அடங்கியுள்ள தூய எத்தனாலின் அளவைக் குறிக்கப் பயன்படும் அளவீடு ஆகும். இது நியமக் குடியளவு என்றும் வழங்கப்படுகிறது. பீர், வைன், பிராந்தி, விசுக்கி, கள் என மதுபானங்கள் பெயராலும் சுவையாலும் வேறுபட்டாலும், அவை அனைத்திலும் உடலுக்கு ஊறு செய்யும் முதன்மைப் பொருள் எத்தனாலே. ஆகையால் எத்தனை கோப்பை என்று எண்ணுவதைவிட எத்தனை கிராம் எத்தனால் என்று எண்ணுவதே தீங்கை மதிப்பிட உதவும்.

அலகின் அளவு நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஐக்கிய இராச்சியத்தில் 10 மி.லி. எத்தனால், அதாவது ஏறத்தாழ 8 கிராம், ஓர் அலகு ஆகும். ஆத்திரேலியாவில் இது 10 கிராம். ஐக்கிய அமெரிக்காவில் 14 கிராம். யப்பானில் ஏறத்தாழ 20 கிராம். ஒரு நாட்டின் மருத்துவ அறிவுரையை மற்றொரு நாட்டின் அலகில் படிப்பவர் தம் கணக்கில் இரண்டரை மடங்கு வரை பிழை செய்யக்கூடும்.

கணக்கிடும் முறை

போத்தலின் மீது அச்சிடப்படும் விழுக்காடு கனவளவு அடிப்படையிலானது. எத்தனால் நீரைவிட இலேசானது, 1 மி.லி. எத்தனாலின் நிறை 0.789 கிராம். எனவே,

எத்தனால் (கிராம்) = பானத்தின் கனவளவு (மி.லி.) × விழுக்காடு ÷ 100 × 0.789

இந்தியாவில் விற்கப்படும் பிராந்தி, ரம், விசுக்கி வகைகளில் பெரும்பாலும் 42.8 விழுக்காடு என்று குறிக்கப்பட்டிருக்கும். இவ்விந்தையான எண் பழைய பிரித்தானிய 'புரூஃப்' அளவுமுறையின் எச்சமாகும். அம்முறையில் 100 பாகை என்பது ஏறத்தாழ 57.1 விழுக்காடு, 75 பாகையை விழுக்காடாக மாற்றினால் 42.8 கிடைக்கும்.

இதன்படி 30 மி.லி. கொண்ட 'ஸ்மால்' ஒன்றில் 10 கிராமும், 60 மி.லி. கொண்ட 'லார்ஜ்' ஒன்றில் 20 கிராமும் எத்தனால் உள்ளது. தமிழ்நாட்டில் 'குவார்ட்டர்' எனப்படும் 180 மி.லி. போத்தலில் இருப்பது ஏறத்தாழ 61 கிராம். இருவர் பகிர்ந்துகொள்ளும் 'கட்டிங்' அதில் பாதி.

பீரைக் கணக்கிடும்போதுதான் பலரும் வியப்படைவர். 8 விழுக்காடு வலுவுள்ள 650 மி.லி. பீர் போத்தலில் 41 கிராம் எத்தனால் உள்ளது. இது இரண்டு 'லார்ஜ்' பிராந்திக்குச் சமம். 5 விழுக்காட்டுப் பீராயினும் ஒரு போத்தலில் ஏறத்தாழ 26 கிராம் உண்டு. பீர் குடிப்பது குடியில் சேராது என்ற பரவலான எண்ணத்துக்கு இக்கணக்கில் இடமில்லை.

கள்ளுக்கு இச்சூத்திரம் தோராயமாகவே பொருந்தும். மரத்திலிருந்து இறக்கிய பின்னரும் நொதித்தல் தொடர்வதால் அதன் வலு மணிக்கு மணி மாறும். கள்ளச்சாராயத்துக்கோ சிறிதும் பொருந்தாது. 2024 சூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். அது வேறொரு நஞ்சு.

உடலில் நிகழ்வது

குடித்த எத்தனாலின் பெரும்பகுதி கல்லீரலில் இரு படிகளில் சிதைக்கப்படுகிறது. முதற்படியில் அது அசெட்டால்டிகைடு என்னும் நச்சுப்பொருளாகவும், அடுத்த படியில் பெரிதும் தீங்கற்ற அசெட்டேட்டாகவும் மாறுகிறது. இரண்டாம் படிக்குரிய நொதி கிழக்காசியரில் மூன்றில் ஒரு பங்கினருக்குச் சரிவர இயங்குவதில்லை. சிறிதளவு குடித்தாலும் அவர்களின் முகம் சிவப்பதற்கு இதுவே காரணம். அவர்கள் தொடர்ந்து குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுதல்.

சுவீடிய வேதியியலாளர் எரிக் விட்மார்க் 1932-இல் வெளியிட்ட சூத்திரம் குருதியில் உள்ள எத்தனாலை மதிப்பிட இன்றும் பயன்படுகிறது. அதன்படி 60 கிலோ எடையுள்ள ஆண் ஒரு குவார்ட்டரை விரைவில் குடித்து முடித்தால், 100 மி.லி. குருதியில் எத்தனால் ஏறத்தாழ 150 மி.கி. வரை உயரும். பின்னர் அது மணிக்கு 15 மி.கி. வீதமே குறையும். இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு அனுமதிக்கும் எல்லை 30 மி.கி. அவ்வெல்லைக்கு இறங்கவே 8 மணி நேரம் ஆகும். இரவு பத்து மணிக்குக் குடித்தவர் காலை ஆறு மணிக்கு வண்டியை எடுக்கும்போதும் எல்லையில்தான் நிற்கிறார். எலுமிச்சைச் சாறு, கட்டங்காப்பி, குளிர்ந்த நீரில் குளியல் ஆகிய எவையும் இவ்வேகத்தைக் கூட்டுவதில்லை. ஒரே அளவைக் குடித்தாலும், உடலில் நீர்ப்பங்கு குறைவாக உள்ளதால் பெண்களின் குருதியில் செறிவு மேலும் உயரும்.

நெடுநாள் குடியால் கல்லீரலில் முதலில் கொழுப்புப் படிகிறது. குடியை நிறுத்தினால் இந்நிலை சில வாரங்களிலேயே பெரும்பாலும் சீராகிவிடும். தொடர்ந்தால் அழற்சியும், பின்னர் ஈரல் கரணை நோயும் உண்டாகலாம். கரணை நோயில் ஏற்பட்ட தழும்பு எளிதில் மறைவதில்லை. கல்லீரல் பெருமளவு கெடும் வரை வெளியே அறிகுறி தெரியாதிருப்பதே இந்நோயின் கொடுமை. உயர் குருதி அழுத்தம், கணைய அழற்சி, தயமின் குறைபாட்டால் வரும் மூளைப் பாதிப்பு, கருவிலுள்ள குழந்தைக்கு ஏற்படும் குறைபாடுகள் ஆகியவையும் மதுவோடு தொடர்புடையவை.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-இலேயே மதுபானங்களை மனிதரில் புற்றுநோய் உண்டாக்குவன என்ற முதல் தொகுதியில் சேர்த்தது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் ஆகிய இடங்களில் தோன்றும் புற்றுநோய்களுக்கு மது ஒரு காரணி. 2019-இல் உலகெங்கும் 26 இலட்சம் பேர் மதுவால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கை கூறுகிறது.

பாதுகாப்பான அளவு என்ற கருத்து

சிறிதளவு மது இதயத்துக்கு நல்லது என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. 1991-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று பிரெஞ்சு மக்களின் சிவப்பு வைன் பழக்கத்தை இதய நலத்தோடு இணைத்துப் பேசியபின் இது உலகெங்கும் பரவியது. பழைய ஆய்வுகளில், அளவாகக் குடிப்பவரைவிடக் குடிக்காதவரே கூடுதலாக இறந்தனர் என்பது உண்மை. ஆனால் அக்குடிக்காதவர் யார் என்று 1988-இல் பிரித்தானிய மருத்துவர் செரால்டு சேப்பரும் அவர் குழுவினரும் வினவினர். நோய்வாய்ப்பட்டதால் குடியை விட்டவர்களும் அத்தொகுதியில் கலந்திருந்தனர். ஒப்பீட்டுக்கு எடுத்த குழுவே நலிந்ததாயின், எதிர்க்குழு நலமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. மரபணு அடிப்படையிலான பிற்கால ஆய்வுகளில் இந்நன்மை பெரிதும் மறைந்துவிடுகிறது. எந்த அளவும் முற்றிலும் பாதுகாப்பானதன்று என உலக சுகாதார நிறுவனம் 2023 சனவரியில் அறிவித்தது.

ஐக்கிய இராச்சியத்தின் 2016 வழிகாட்டல், குடிப்போர் வாரத்துக்கு 14 அலகைத் தாண்டலாகாது என ஆண், பெண் இருபாலருக்கும் பொதுவாகக் கூறுகிறது. இது ஏறத்தாழ 112 கிராம். இரண்டு குவார்ட்டரைவிடக் குறைவு. அதையும் ஒரே நாளில் குடியாமல் மூன்று நாட்கள் அல்லது அதற்கு மேல் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பது அவ்வழிகாட்டலின் அறிவுரை. கனடாவில் 2023-இல் வெளியான வழிகாட்டல் இன்னும் கடுமையானது. வாரத்துக்கு ஏறத்தாழ 27 கிராம் வரையே குறைந்த தீங்கு என்கிறது. இவை குடிக்குமாறு கூறும் பரிந்துரைகள் அல்ல.

அளவைக் குறைத்தல்

குடியை அளவோடு நிறுத்த விரும்புவோருக்குப் பெரும் தடையாவது கொள்கலனே. திறந்த போத்தலை முடித்துவிடுவது மனித இயல்பு. ஆகவே வாங்கும் போத்தலின் அளவே குடிக்கும் அளவாகிவிடுகிறது. கண்மட்டத்தில் ஊற்றாமல் அளவுக் குவளையால் ஊற்றுதல், அன்றன்று குடித்த கிராமைக் குறித்து வைத்தல், வாரத்தில் குடியாத நாட்களை முன்னரே முடிவு செய்தல், வெறும் வயிற்றில் குடியாமை ஆகியவை பயன் தருவன. குறித்து வைப்பதனாலேயே பலரது குடி குறைகிறது.

உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய பத்து வினாக்கள் கொண்ட சோதனை ஒருவர் தம் நிலையை அறிய உதவும். மொத்தம் 40 மதிப்பெண்களில் 8 அல்லது அதற்கு மேல் வந்தால் குடி தீங்கான எல்லையை எட்டியிருக்கலாம்.

திடீரென நிறுத்துதல்

அளவைக் குறைக்கும் மேற்கண்ட வழிகள் மதுவுக்கு அடிமையானோருக்குப் பொருந்தா. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும், இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், இரண்டு மூன்று நாட்களில் மனக்குழப்பமும் மாயத்தோற்றங்களும் ஏற்படலாம். மருத்துவம் இன்றேல் இந்நிலை உயிரையும் பறிக்கும். 2020 மார்ச்சில் ஊரடங்கினால் இந்தியாவில் மதுக்கடைகள் மூடப்பட்டபோது, கேரளம் உள்ளிட்ட மாநிலங்களில் பலர் இவ்வறிகுறிகளுடன் மருத்துவமனைகளுக்கு வந்தனர். நடுக்கம் தொடங்கியவரை 'மன உறுதி இல்லாதவர்' என்று வீட்டில் அடைத்து வைப்பது ஆபத்தானது. மருத்துவமனையில் சில நாட்கள் அமைதியூட்டும் மருந்துகளும் தயமின் ஊசியும் கொடுத்து இக்கட்டத்தைக் கடக்கச் செய்வர்.

மீண்டும் குடிக்கத் தூண்டும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் ஆகிய மருந்துகள் உள்ளன. டைசல்பிராம் வேறு வகையில் செயற்படுகிறது. அது மேற்கூறிய இரண்டாம் படியைத் தடுப்பதால், மருந்தை உட்கொண்டவர் குடித்தால் அசெட்டால்டிகைடு உடலில் தேங்கி, வாந்தியும் படபடப்பும் குருதி அழுத்த வீழ்ச்சியும் உண்டாகும். குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கும் மருந்து என விளம்பரப்படுத்தப்படுவனவற்றை வாங்குவோர் இதனை அறிந்திருத்தல் வேண்டும். தாம் என்ன மருந்து உட்கொண்டுள்ளோம் என்பதை அறியாதவர் வழக்கம் போல் குடித்தால் இறக்கவும் நேரிடலாம். ஆகவே டைசல்பிராம் நோயாளியின் ஒப்புதலோடும் மருத்துவரின் கண்காணிப்பிலும் மட்டுமே தரப்பட வேண்டிய மருந்தாகும்.